வேலூரில் நர்ஸ் வேலை தேடுகிறவர்களுக்கு

குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கை மகள், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று போன் போட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பெரியம்மா, சி.எம்.சி.யில சீட் கிடைக்கலைன்னா நர்சிங்கே வேண்டாமா?" வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத்தான் இங்கே சி.எம்.சி. என்போம்.

வட ஆற்காடு முழுக்க இந்தக் கேள்வி உண்டு. நர்சிங் என்றால் சி.எம்.சி., அதை விட்டால் ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. அவளிடம் போனில் பாதியும் நேரில் மீதியும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்து, ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆரம்பித்து, பிறகு பட்டத்துக்கான போஸ்ட் பேசிக் படிப்பை முடித்து, இப்போது வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். வழியில் நான் ஏமாந்த கதையும் இதில் வரும்.

அந்த நினைப்பு சும்மா வந்ததில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம் அது. 1909-ல் நர்சிங் பள்ளி வந்தது. 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பு இந்தியாவிலேயே முதன்முதலாக ஆரம்பித்தது டெல்லியிலும் வேலூரிலும்தான். அங்கே சேர ஆசைப்பட்டால் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. பிளஸ் டூ படிக்கும்போதே அவர்கள் இணையதளத்தைப் பார்க்கத் தொடங்குங்கள். ரிசல்ட் கையில் வந்த பிறகு விசாரிக்கப் போனால் காலம் கடந்திருக்கலாம். நாடு முழுவதிலிருந்தும் போட்டி போடுகிறார்கள் என்பதால், அங்கே கிடைக்கவில்லை என்பதற்காக யாரும் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதில்லை.

எந்தப் படிப்பு

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும், 17 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து சென்னையில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. ஜி.என்.எம். மூன்று வருட டிப்ளமோ. ஏ.என்.எம். இரண்டு வருடம், கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு அதுதான் வழி. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்கள் இரண்டு வருட போஸ்ட் பேசிக் படித்தால் பி.எஸ்சி. பட்டம் கிடைத்துவிடும். நான் அப்படித்தான் வந்தேன்.

பணம் இருந்தால் நேராக பி.எஸ்சி. போங்கள். வெளிநாடு, ஆசிரியர் வேலை, எம்.எஸ்சி. எல்லாவற்றுக்கும் பட்டத்தைக் கேட்கிறார்கள். பணம் இடிக்கிறது என்றால் ஜி.என்.எம். தாழ்ந்ததில்லை, வார்டில் நின்றுவிட்டால் யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், ஆண் என்றால் தமிழ்ப் புதல்வன். டிப்ளமோவுக்கும் உண்டு. மெஸ் பில்லுக்காவது ஆகும்.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆற்காடு, ஆரணி, வாணியம்பாடி என்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் "ஒரு வருட நர்சிங், 100 சதவீத வேலை" என்று ஒரு போர்டு கண்ணில் படும். வெள்ளை கோட், தொப்பி, சான்றிதழ் எல்லாம் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு நர்ஸ் என்று பதிவு செய்ய முடியாது. உதவியாளர் வேலை கிடைக்கும், அது கௌரவமான வேலைதான். ஆனால் பத்து வருடம் ஆனாலும் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது, அரசுத் தேர்வு எழுத முடியாது. அம்மா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் என்று இரண்டு பெண்கள் என்னிடமே அழுதிருக்கிறார்கள். சேரும் முன் ஆபீசில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முடிச்சா தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல ஆர்.என்., ஆர்.எம். நம்பர் கிடைக்குமா?" நர்ஸாகவும் மகப்பேறு உதவியாளராகவும் பதிவு செய்ததற்கான எண்கள் அவை. "வேலை நாங்க வாங்கித் தர்றோம்மா" என்று பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பி.எஸ்சி. கல்லூரி என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கவுன்சில் அங்கீகரித்த கல்லூரிகளின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை.

பதிவு

படிப்பு முடிந்ததும் பதிவுதான் முதல் வேலை. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மகப்பேறு உதவியாளர்கள் கவுன்சில் சென்னை சாந்தோமில் இருக்கிறது, 1926-ம் வருடச் சட்டத்தில் பிறந்த அமைப்பு. அந்த நம்பர் கைக்கு வரும்வரை நீங்கள் படித்து முடித்த மாணவி, அவ்வளவுதான். என்.ஏ.பி.எச். தரச்சான்று வாங்கிய மருத்துவமனைகளில் ஒவ்வொரு நர்ஸின் பதிவு நகலும் ஃபைலில் இருந்தாக வேண்டும், அதனால் பெரிய இடங்களில் வாசலிலேயே கேட்பார்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய பேர் சித்தூரிலும் பெங்களூரிலும் படிக்கிறார்கள். அவர்கள் அந்தந்த மாநிலக் கவுன்சிலில் பதிந்து, தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டுக்கு மாற்ற வேண்டும். இழுக்கும். வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கிடைத்த வேலை காத்திருக்காது.

ஹெப்படைட்டிஸ் பி ஊசி மூன்று டோஸ், முடிக்க ஆறு மாதம் ஆகும். படிக்கும்போதே போட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே வேலை இருக்கிறது

சி.எம்.சி.யையே எடுத்துக்கொண்டால், ஊருக்கு நடுவில் இருக்கும் மருத்துவமனை மட்டும் கிடையாது. பாகாயம் பக்கம் உண்டு, ஆரணி ரோட்டில் கண் மருத்துவமனை உண்டு, 2022-ல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய வளாகம் திறந்தார்கள். அப்புறம் நறுவீ, ஸ்ரீபுரத்தில் நாராயணி, தொழுநோய் சிகிச்சைக்குப் பேர்போன கரிகிரி, ராணிப்பேட்டையில் ஸ்கடர் நினைவு மருத்துவமனை, ஆம்பூரில் பெதஸ்தா. அரசு தரப்பில் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலூர் பென்ட்லண்ட், வாலாஜா. இவை போக ஆற்காட்டிலிருந்து திருப்பத்தூர் வரை தெருவுக்குத் தெரு நர்சிங் ஹோம்கள். புதிதாக வருபவர்களில் அதிகம் பேருக்கு முதல் வேலை கிடைப்பது இந்தக் கடைசி வகையில்தான்.

யாரும் அவ்வளவாக எண்ணிப் பார்க்காத ஒரு வேலையும் இருக்கிறது. சட்டப்படி 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறையும் அதற்கு நர்சிங் ஆளும் இருக்க வேண்டும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளுக்குப் பஞ்சமே இல்லை. கைக்குழந்தை இருக்கிறது, இரவு ட்யூட்டி பார்க்க முடியாது என்பவர்கள் அங்கே கேட்டுப் பாருங்கள். ஆனால் புதிதாகப் படித்து முடித்த பிள்ளை நேராக அங்கே போய் உட்காரக் கூடாது என்பது என் கட்சி. காயத்துக்குக் கட்டு, தலைவலிக்கு மாத்திரை, மயங்கி விழுந்தால் ஜூஸ் என்று வருடம் ஓடிவிடும், கை மறந்துபோகும்.

முதல் இரண்டு வருடத்துக்குச் சம்பளத்தைவிட ஒன்றைப் பார்க்கச் சொல்வேன்: எந்த வார்டில் போடுவார்கள், யார் சொல்லித் தருவார்கள். மாதம் இரண்டாயிரம் குறைந்தாலும் ஐ.சி.யூ., டயாலிசிஸ், பிரசவ அறை, ஆபரேஷன் தியேட்டர் என்று ஒரு பிரிவில் நிலையாக நிற்க விடுகிற இடம் மேல். எல்லா வார்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தேன் என்று சொல்லும் நர்ஸை அடுத்த இடத்தில் மறுபடி புதுசாகத்தான் எடுப்பார்கள். பையன்களுக்கும் இதேதான். 'பிரதர்' என்று கூப்பிட்டு கேஷுவாலிட்டி, எலும்பு முறிவு வார்டு, டயாலிசிஸ் என்று போடுவார்கள். மகப்பேறு தவிர வேறு எங்கும் தயங்க வேண்டாம்.

இன்டர்வியூ

பெரிய இடங்களில் எழுத்துத் தேர்வு இருக்கும், சின்ன இடங்களில் தலைமை நர்ஸான மேட்ரன் எதிரில் உட்கார வைத்து வாயால் கேட்பார்கள். இரண்டிலும் சொட்டுக் கணக்கு வரும். "500 மில்லி நார்மல் சலைன், எட்டு மணி நேரத்துக்குள்ள போகணும், நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?" பெரியவர்களுக்குப் போடும் சாதா டிரிப் செட்டில் ஒரு மில்லி என்பது 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். வகுத்தால் 20.8, அதாவது 21 சொட்டு. மைக்ரோ செட் என்றால் மில்லிக்கு 60 சொட்டு, அப்போது விடை 62-63. எந்த செட் என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுகிற பிள்ளையைப் பார்த்தால் மேட்ரன் முகமே மாறும். நான் இன்டர்வியூவில் உட்காரும்போது விடையைவிட அந்தத் திருப்பிக் கேட்பதைத்தான் கவனிப்பேன்.

அடுத்தது மருந்துகள். அட்ரினலின், அட்ரோபின், பொட்டாசியம் குளோரைடு, ஹெபாரின், இன்சுலின். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேராக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். இதைக் கேட்டு முழிக்கிறவர்களை யாரும் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. பி.எல்.எஸ். என்ற அடிப்படை உயிர்காக்கும் பயிற்சி முடித்த அட்டை இருந்தால் கொண்டுபோங்கள்.

சேரும்போது தாள்கள்

என் கதை இங்கேதான். முதல் வேலை இந்த மாவட்டத்திலேயே ஒரு சிற்றூர் நர்சிங் ஹோமில், மாதம் 6,500 ரூபாய். சேர்ந்த அன்றே "சேஃப்டிக்கு" என்று ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். சம்பளம் கையில் ரொக்கம், ஒரு நோட்டில் கையெழுத்து. இரண்டு வருடம் கழித்து வேறு இடம் கிடைத்தபோது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

அதோடு முடியவில்லை. பிறகு சவூதி வேலைக்கு விண்ணப்பித்தபோது, அனுபவத்தைச் சரிபார்க்க டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் அந்த நர்சிங் ஹோமுக்கு எழுதியது. பதில் இல்லை. ரொக்கச் சம்பளம் என்பதால் வங்கிக் கணக்கிலும் தடயம் இல்லை, பி.எஃப். இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. நான் இரவு பகலாக நின்ற இரண்டு வருடம் கணக்கில் பூஜ்யம்.

அதனால் சேருகிற அன்றே இதைச் செய்யுங்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள், நகல் போதும். நியமன உத்தரவைப் பதவிப் பெயர், தேதி, சம்பளத்தோடு எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் வங்கியில்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் பி.எஃப். உண்டு, 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்று 'பாண்ட்' ஏதாவது நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய், படித்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேலையை விடும்போது எந்த வார்டு, எத்தனை படுக்கை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அனுபவச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். "நல்ல பெண், ஒழுக்கமானவர்" என்று மட்டும் எழுதிய சான்றிதழ் ஃப்ரேம் போட்டு மாட்டத்தான் ஆகும்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு தகவல். தனியார் நர்சுகள் சம்பளம் குறித்து உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-ல் பரிந்துரை தந்தது: 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையாக. இதைச் சொல்லி ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பேரம் பேசினால் சிரிப்பார்கள். இருந்தாலும், எது நியாயம் என்று தெரிந்துகொண்டு சம்மதிப்பது வேறு.

மொழி

வேலூரில் எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தராத விஷயம் இது. மருத்துவமனையைச் சுற்றி இருக்கும் தெருக்களில் நடந்தால் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என்று எல்லாப் பலகையிலும் வங்காள எழுத்து. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்காள தேசம் என்று ரயிலேறி வருகிறார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்தவர்கள் உருது பேசுவார்கள், சித்தூர் பக்கம் தெலுங்கு.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த ஒரு பாட்டிக்கு நான் முதலில் கற்றுக்கொண்ட வங்காளம் "பேத்தா ஆச்சே?" வலிக்கிறதா என்று அர்த்தம். நம் காதுக்குப் பேத்தியைத் தேடுவது போலக் கேட்கும். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, அத்தனையும் கொட்டித் தீர்த்தார், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கொல்கத்தாக்காரர் தண்ணீருக்கு 'ஜோல்' என்பார், வங்காள தேசத்திலிருந்து வந்தவர் 'பானி' என்பார். ஒரு குட்டி நோட்டு வைத்து வலி, மூச்சு, வாந்தி, சிறுநீர், சாப்பிட்டீர்களா, நிமிராதீர்கள் என்று இருபது முப்பது வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தோராயமான இந்தியும் சேர்ந்தால் போதும். இந்த நோட்டுக்கு என் சான்றிதழ்களைவிட அதிகம் மரியாதை கிடைத்திருக்கிறது.

அரசு வேலை

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எல்லோரும் சொல்வது எம்.ஆர்.பி., அறிவிப்பு வெளியிட்டுத் தேர்வு வைக்கும். தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மெயின் தாளைத் திருத்தவே மாட்டார்கள். நம் ஊரிலேயே அதில் கோட்டை விட்டவர்கள் உண்டு. தேர்வானால் முதலில் தொகுப்பூதியம், அதாவது மாதம் ஒரு மொத்தத் தொகை; காலியிடம் வரும்போது சீனியாரிட்டிப்படி நிரந்தர வேலைக்கான காலமுறை ஊதியம். 2015-ல் 7,243 பேரை எடுத்தபோது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய், பிறகு 18,000 வரை உயர்ந்தது. நிரந்தரம் ஆக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்காக நர்சுகள் தெருவில் உட்கார்ந்ததும் உண்டு. தெரிந்தே போங்கள்.

மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை சுகாதார நிலையங்களுக்கும் ஒப்பந்த நர்சுகளை எடுக்கிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-லிருந்து தனித்தனி மாவட்டங்கள் என்பதால் மூன்று மாவட்ட இணையதளங்களையும் வாரம் ஒரு முறை பாருங்கள். அறிவிப்புக்கும் கடைசி தேதிக்கும் இடையில் அதிக நாள் இருக்காது. மத்திய அரசு வேலை என்றால் எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு. அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். எய்ம்ஸ் இடங்களில் நூற்றுக்கு 80 பெண்களுக்கு. கஷ்டமான தேர்வுதான், ஆனால் வேலையில் இருந்துகொண்டே இரண்டு வருடம் படித்து எழுதியவர்கள் என் வார்டிலேயே இருக்கிறார்கள்.

வெளிநாடு

வளைகுடா நாடுகளுக்கு இரண்டு வருட அனுபவமும் உரிமத்துக்கான புரோமெட்ரிக் தேர்வும், பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு பி2 வரை ஜெர்மன் மொழி. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு நர்சுகளை அனுப்ப 2015 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சத்தில் பேசுகிறார் என்றால் என்ன ஏது என்று புரிந்துகொள்ளுங்கள்.

தங்குமிடம்

இன்டர்வியூவுக்கு முதல் நாள் ராத்திரி வந்து மருத்துவமனைக்கு எதிரில் ரூம் போடலாம் என்று நினைக்காதீர்கள். நோயாளிகளின் குடும்பங்களே மாதக்கணக்கில் தங்கியிருக்கும், வாடகையும் அவர்களுக்கான கணக்கில்தான் இருக்கும். காட்பாடி அல்லது பாகாயம் பக்கம் பாருங்கள். வேலை கிடைத்து வீடு எடுப்பதானாலும் அந்த இரண்டு பக்கம்தான், இரவு ட்யூட்டி முடித்துப் பகலில் தூங்க வேண்டியவர்கள் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையை மட்டும் எடுக்காதீர்கள், மே மாதம் வேலூர் வெயிலில் அது அடுப்பு. காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு 1, 2 நம்பர் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ட்யூட்டி மாறும் நேரத்தில் மட்டும் உட்கார இடம் கிடைக்காது, அரைமணி முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.